வண்டியின் அடிவயிற்றுக்கு ஒரு தகடு

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலை மலை இறங்கும் இடங்களில், மண்ணைக் கிழித்துக்கொண்டு பாறை தலை நீட்டுகிறது. சாலையை விட்டுப் பிரிந்து மலைக்கிராமங்களுக்கு ஏறும் மண்தடங்களில் அந்தப் பாறையே பாதையாகிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்காலமும் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போக, சக்கரத் தடங்கள் பள்ளமாகி, நடுவில் ஒரு மேடு மிச்சமாகிறது. அந்த மேட்டில் உருளைக்கல்லும் கூர்க்கல்லும் புதைந்து கிடக்கின்றன. பெட்டமுகிலாளம் பக்கத்து ஊர்களிலிருந்து ராகி மூட்டையும் தக்காளிக் கூடையும் ஏற்றி இறங்கும் பிக்கப் வண்டிகள், வனத்துறையின் ரோந்து வண்டிகள், விடுமுறை நாளில் பெங்களூரிலிருந்து வரும் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா என எல்லாமே அந்த நடுமேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சக்கரம் பள்ளத்தில் ஓடும். வயிறு மேட்டில் உரசும். “அடி தட்டுது” என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

தட்டுகிற கல் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடித்தளம் நைஸ், கிரானைட் வகைப் பாறைகளால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உள்ளவை. இவற்றில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7; ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. பட்டறையில் கிடைக்கும் சாதாரண இரும்புத் தகடு அதே அளவுகோலில் 4-ஐ ஒட்டி நிற்கிறது. அலுமினியம் 3-ஐத் தொடுவதே அரிது. ஆகவே இந்தக் கல்லோடு நடக்கும் கீறல் போட்டியில் எந்த உலோகமும் ஜெயிக்கப் போவதில்லை. எந்த உலோகம் எப்படித் தோற்கிறது, தோற்கும்போது உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

உள்ளே இருப்பவை என்னென்ன? வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தி அண்ணாந்து பார்த்தால், முன்பக்கம் ரேடியேட்டரின் கீழ்விளிம்பு, அதன் பின்னால் என்ஜின் ஆயில் நிற்கும் சம்ப், பிறகு கியர் பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு பக்கமாக டீசல் டேங்க், நீளவாக்கில் சைலன்சர் குழாய், பிரேக் குழாய்கள். இவற்றில் ஆபத்து மிகுந்தது சம்ப்தான். மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த சம்ப் அடிபட்டால் நசுங்கும்; நசுங்கிய இடம் உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துவிடலாம். வார்ப்பு அலுமினிய சம்ப் நசுங்காது, விரிசல் விடும். ஆயில் ஒழுகி அழுத்தம் போன என்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால், பேரிங்குகள் பிடித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். அஞ்செட்டிக்கு அப்பால் செல்பேசி சிக்னல் இல்லாத ஒரு திருப்பத்தில் அது நடந்தால், வண்டியை இழுத்து வர டிராக்டர்தான் தேட வேண்டும்.

புது வண்டியின் முன்பக்க அடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது தண்ணீரும் தூசியும் என்ஜின் அறைக்குள் அடிக்காமல் இருக்கவும், காற்று சீராகப் போகவும் வைத்தது. அதைப் பார்த்து, கம்பெனியே பாதுகாப்பு கொடுத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கல்லுக்கு முன்னால் அந்த மூடி அட்டைப் பெட்டிக்குச் சமம்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் தரை இடைவெளிக் கணக்கையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மஹிந்திரா தாருக்கு 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர் என்கிறார்கள். இது வண்டியின் ஆகத் தாழ்ந்த புள்ளிக்கும் தரைக்கும் உள்ள தூரம். ஜிம்னியில் முன்னும் பின்னும், தாரில் பின்பக்கம் மட்டும், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான அச்சு இருக்கிறது. அப்படிப்பட்ட அச்சின் நடுவில் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பெரும்பாலும் ஆகத் தாழ்ந்த புள்ளி. சக்கரம் கல்மேல் ஏறினால் அச்சும் கூடவே உயரும். டிஃபரன்ஷியலும் கொஞ்சம் உயரும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கும் வயிற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு மேட்டின் முகட்டை முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் இன்னும் ஏறாத நொடியில், வயிறு முகட்டின் மீது இறங்குகிறது. வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டுக் கோணம் தாருக்கு 27 பாகை, ஜிம்னிக்கு 24 பாகை. தாரின் அச்சுகளுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 2,590 மில்லிமீட்டர். தரை இடைவெளியும் அச்சுத் தூரமும் சேர்ந்துதான் இந்தக் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. வண்டி நீளமாக ஆக, இடைவெளி மாறாமலே வயிறு அதிகம் தட்டும். மலைக்கிராமத் தடங்களில் நீளமான பிக்கப்புகள் படும் பாட்டுக்கு இதுவே காரணம்.

சரி, தட்டும்போது என்ன நடக்கிறது? இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

சுமார் 1,750 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மண்தடத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 27,000 ஜூல். புதைந்து நிற்கும் ஒரு கல்லில் அடிப்பகுதி நேராக மோதி, 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் வண்டி நின்றுபோனால், அந்தக் கல் தரும் சராசரி விசை 55 டன் எடைக்குச் சமம். தகட்டை வண்டியோடு பிடித்திருப்பவை எவை? பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் ஆறு. உயர்தரமான 8.8 வகை போல்ட் ஒன்று வெட்டுப்படாமல் தாங்கும் விசை ஏறத்தாழ 2.8 டன். ஆறும் ஒரே நேரத்தில் சமமாகத் தாங்கினால்கூட 17 டன்னைத் தாண்டாது. எவ்வளவு தடிமனான தகடு போட்டாலும், நேருக்கு நேர் மோதலை நிறுத்தும் வலிமை அந்த அமைப்புக்குக் கிடையாது. ஒன்று போல்ட் அறும், அல்லது போல்ட் பிடித்திருக்கும் இடம் கிழியும்.

ஆகவே தகட்டின் வேலை மோதலைத் தடுப்பது என்று எண்ணினால் தேர்வே தவறிப்போகும். அதற்கு இரண்டே வேலைகள். ஒன்று, மோதலைச் சறுக்கலாக மாற்றுவது. மற்றொன்று, சறுக்கும் நேரத்தில் வண்டியின் எடையைச் சம்ப்மீதோ கியர் பாக்ஸ்மீதோ விழவிடாமல் சேஸிஸ் சட்டத்துக்குக் கொண்டுபோவது. முதல் வேலையைச் செய்வது தகட்டின் வடிவம். இரண்டாவதைச் செய்வது அதைப் பூட்டிய விதம். உலோகமும் தடிமனும் இவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன. கடையில் எல்லாரும் முதலில் கேட்பது “எத்தனை எம்.எம்.?” என்றுதான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே காட்டலாம். வண்டியின் முன்பகுதி எடை 900 கிலோ. முன் தகடு தரையோடு 15 பாகை சாய்வில் இருக்கிறது. இரும்புக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டால், கல்மேல் ஏறிச் சறுக்க வண்டியை முன்னே தள்ள வேண்டிய விசை சுமார் 675 கிலோ எடைக்குச் சமம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இது முடியக்கூடிய காரியம். அதே தகடு 45 பாகை சாய்வில் நிமிர்ந்து நின்றால் தேவைப்படும் விசை 2,100 கிலோவாகிவிடுகிறது. டயர்கள் நல்ல காய்ந்த தரையைப் பிடித்தாலும் 1,200 கிலோ அளவுக்குத்தான் அந்த வண்டியால் இழுக்க முடியும். முடிவு: மெதுவாக வந்தால் வண்டி நின்றுவிடும், வேகமாக வந்தால் போல்ட் அறும். தகட்டின் தடிமன் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே பாடத்தை உலகப் புகழ்பெற்ற ஒரு கார் கம்பெனி நெடுஞ்சாலையில் கற்றது. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு டெஸ்லா மாடல் எஸ் கார், சாலையில் கிடந்த வளைந்த உலோகத் துண்டின்மேல் ஏறியது. கார் முன்னே ஓட ஓட, அந்தத் துண்டின் ஒரு முனை தரையில் ஊன்றி, மறுமுனை நெம்புகோலாக நிமிர்ந்து அடிப்பகுதியைக் குத்தியது. பேட்டரிக்கு அடியில் 6 மில்லிமீட்டர் தடிமனில் அலுமினியக் கவசம் ஏற்கெனவே இருந்தது. அதையும் துளைத்துக்கொண்டு போனது. பேட்டரி தீப்பிடித்தது, ஓட்டுநர் பத்திரமாக வெளியேறினார். அடுத்த மாதம் டென்னசியில் இதேபோல் இன்னொன்று. டெஸ்லா முதலில் மென்பொருளை மாற்றி, நெடுஞ்சாலை வேகத்தில் கார் சற்று உயர்ந்தே ஓடும்படி செய்தது. 2014 மார்ச்சில் மூன்றடுக்கு அமைப்பு ஒன்றை அறிவித்தது. முன்னால் உள்ளீடற்ற வட்டமான அலுமினியத் தண்டு. அது பொருளைப் பக்கவாட்டில் தள்ளும் அல்லது பேட்டரிக்கு முன்பே மேல்நோக்கித் திருப்பிவிடும். அதன் பின்னால் டைட்டானியத் தகடு. அதற்கும் பின்னால் தாழ்ந்த சாய்வில் வைத்த திட அலுமினியப் பட்டை. பொருள் அசையாமல் தரையில் ஊன்றி நின்றால், காரே அதன்மீது ஏறிப் போக அது சறுக்குப்பலகை. இருந்த கவசத்தையே இரட்டிப்புத் தடிமன் ஆக்குவது எளிதாக இருந்திருக்கும். பொறியாளர்கள் கோணத்தைத்தான் மாற்றினார்கள்.

ஒகேனக்கல் பரிசல் நல்ல ஒப்புமை. மூங்கில் பின்னலின்மேல் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய அந்த வட்டப் படகுக்கு அடியில் துருத்திக்கொண்டிருப்பது எதுவும் இல்லை. ஆழமில்லாத இடத்தில் பாறைமேல் ஏறினாலும், மாட்டிக்கொள்ள விளிம்பு இல்லாததால் வழுக்கி இறங்கிவிடுகிறது. வண்டியின் அடியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வண்டியில் இதைச் செயல்படுத்துவது பட்டறையின் நுணுக்கம். என்ஜினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்று என்று தனித்தனித் தகடுகளாகப் பூட்டும்போது, முன் தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின் முன்விளிம்புக்குக் கீழே வர வேண்டும். கூரை ஓடு மழைநீருக்காக அடுக்கப்படும் அதே வரிசை. மாற்றி அடுக்கினால், முன்னே போகிற வண்டியில் இரண்டாம் தகட்டின் விளிம்பு கல்லைக் கவ்விக்கொள்ளும். வலிமைக்காகத் தகட்டில் மடிப்பும் வரியும் போடுகிறார்கள். அவை வண்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு கொக்கி. ஓரங்களை மேல்நோக்கி மடக்கிவிட்டால் விறைப்பும் கூடும், விளிம்பும் மாட்டாது. போல்ட் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும். அறுகோணத் தலை வெளியே நின்றால், சில பயணங்களில் கல் அதைத் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஆயில் மாற்றும் நாளில் உளி, கிரைண்டர் என்று போராட வேண்டும். பதிந்த ஆலன் தலையில் சேறு இறுகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் அது வந்துவிடும்.

பூட்டுவது எங்கே? ஏணிச் சட்ட சேஸிஸ் உள்ள தார், ஜிம்னி, கூர்க்கா, பொலிரோ பிக்கப் போன்றவற்றில் பதில் எளிது: சேஸிஸின் இரு நீளச் சட்டங்களிலும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களிலும். என்ஜின் அடைப்பிலோ கியர் பாக்ஸிலோ பூட்டிய தகடு, காக்க வேண்டிய பொருளிடமே அடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். என்ஜின் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்து ஆடுகிற ஒன்று, சேஸிஸ் ஆடாது. இரண்டையும் ஒரே தகட்டால் கட்டினால் அதிர்வு உள்ளே வரும், தகட்டின் போல்ட் ஓட்டைகளில் விரிசலும் வரும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலேயே, கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தாங்கும் நடுச் சட்டம் சறுக்குத் தகடாகவும் வடிவமைக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பிறகு பம்பாயில் மஹிந்திரா பூட்டி விற்ற ஜீப்புகள் அந்தப் பரம்பரைதான். தனிச் சேஸிஸ் இல்லாத, உடலே சட்டமாக அமைந்த கார்களுக்கு விஷயம் சிக்கல். அங்கே என்ஜினைத் தாங்கும் துணைச்சட்டம் ஒன்றுதான் பிடிமானம். நேர் மோதலில் முன்பகுதி எப்படி நசுங்க வேண்டும், என்ஜின் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கம்பெனி கணக்கிட்டிருக்கும். கனமான தகட்டை முன் பம்பர் வரை இழுத்துப் பூட்டி அந்தக் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட கார்களுக்கு அந்தந்த மாடலுக்கென்றே செய்த தகட்டை மட்டும் வாங்குவது நல்லது.

இனி உலோகம். ஓசூரில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை தொடங்கியது, டி.வி.எஸ். மொபெட்டும் இங்கேதான் பிறந்தது. அவற்றைச் சுற்றி சிப்காட்டிலும் வெளியிலும் உதிரிபாக ஆலைகள் முளைத்தன. இன்று லேசரால் தகடு வெட்டவும், கணினி சொல்லும் கோணத்தில் மடக்கவும் இயந்திரம் வைத்திருக்கும் இடங்கள் தேன்கனிக்கோட்டைக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் அந்தப் பட்டறைகளில் தடிமனை இன்னும் கேஜ் கணக்கில் சொல்கிறவர்கள் உண்டு. 10 கேஜ் என்றால் சுமார் 3.25 மில்லிமீட்டர், 8 கேஜ் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போது மறந்துவிடக் கூடாது.

சாதாரண இரும்பா, அலுமினியமா என்ற வாதத்துக்கு எண்களே பதில் சொல்லும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 23.5 கிலோ. அதே பரப்பில் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 16 கிலோ. இரும்பின் மீள்தன்மைக் குணகம் அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் வளைக்கும் விசைக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் அலுமினியம், 3 மில்லிமீட்டர் இரும்பைவிட 2.8 மடங்கு விறைப்பானது, எடையோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. என்ஜின் முதல் டேங்க் வரை ஒன்றரைச் சதுர மீட்டரை மூடினால் 4 மில்லிமீட்டர் இரும்பில் 47 கிலோ ஆகும். 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 24 கிலோ. இந்த எடை முழுதும் ஸ்பிரிங்குகள்மேல் உட்கார்ந்து வண்டியைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தும் என்பதால், கனத்தைக் கூட்டுவது ஓரளவு தனக்குத்தானே குழி பறிப்பதுதான்.

அப்படியென்றால் அலுமினியமே போதுமே என்று தோன்றும். அஞ்செட்டிக் கற்கள் இங்கே குறுக்கிடுகின்றன. நைஸ் கல்லின்மேல் இழுபட்ட அலுமினியத் தகடு ஒன்றை விளக்கு வைத்து அருகில் பார்த்தால், கோடு போட்டதுபோல் கீறல் இருக்காது. உழுத சால்போல் பள்ளமும், அதன் இரு கரையிலும் சுருண்டு எழும்பிய உலோகமும் இருக்கும். பள்ளத்தின் முடிவில் மின்னும் புள்ளி ஒன்று உலோகத்திலேயே புதைந்திருந்தால், அது கல்லிலிருந்து பெயர்ந்த குவார்ட்ஸ் துணுக்கு. மென்மையான உலோகம் கல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, சறுக்கல் தடைபடுகிறது. இரும்பு மேலாகக் கீறப்படும், ஆனால் கல்மேல் சுலபமாக நழுவும். மணல், சரளை, எப்போதாவது ஒரு கல் என்று போகும் பயணத்துக்கு அலுமினியம் நல்ல தேர்வு. தினமும் கல்மேல் ஏறி இறங்கும் வண்டிக்கு இரும்புதான் ஏற்றது. வளைந்தால் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்தால் எந்தச் சிற்றூர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம்.

அலுமினியம் என்றே முடிவானால் எந்த வகை என்றும் கேட்க வேண்டும். 6061-டி6 வகை வலுவானது, ஆனால் கூர்மையாக மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும்; வெல்டிங் சூட்டில் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விடும். 5052-எச்32 வகை சற்று மென்மையானது, மடக்கினால் மடங்கும், துருவும் அண்டாது. மடிப்புகள் நிறைந்த அடித்தகட்டுக்கு 5052-தான் பொருத்தம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்க்க அழகாக இருக்கும். எடையும் விலையும் இரும்பைவிடக் கூடுதல், இந்த வேலைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைச் சில பந்தய வண்டிகளில் உலோகத் தகட்டின் அடியில் ஒரு தோலாக ஒட்டுகிறார்கள். உராய்வுக் கெழு 0.2 ஆகக் குறைந்தால், முன்பு பார்த்த 15 பாகைச் சாய்வில் தேவைப்படும் விசை 675 கிலோவிலிருந்து 445 கிலோவாக இறங்கிவிடும். தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் 130 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயே உருகத் தொடங்கும் பொருள் அது. சைலன்சர் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும்? நான்கு ஓரமும் தாங்கப்பட்ட 60 சென்டிமீட்டர் சதுரத் தட்டைத் தகட்டின் நடுவில் 500 கிலோ எடை ஒரு புள்ளியில் அழுத்தினால், பாடநூல் சூத்திரப்படி 3 மில்லிமீட்டர் இரும்பு 4 சென்டிமீட்டர் வரை உள்வாங்கும். 6 மில்லிமீட்டர் அலுமினியம் ஒன்றரை சென்டிமீட்டர். தகடு இழுபட்டு விறைப்பாவதால் உண்மையில் இதைவிடக் குறையும். மடிப்புகள் இன்னும் குறைக்கும். ஆனாலும் அழகுக்காகச் சம்ப்போடு ஒட்டிப் பூட்டிய தகடு எதையும் காப்பாற்றாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி இல்லாத தகட்டை வாங்காமல் இருப்பதே மேல்.

அந்த இடைவெளிக்கும் ஒரு விலை உண்டு. அதில் செம்மண் சேறு புகுந்து, காய்ந்து, செங்கல்போல் இறுகும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சேஸிஸைத் துருப்பிடிக்க வைக்கும். அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் நேரடியாகத் தொடும் இடத்தில், அந்த ஈரத்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். நடுவில் ரப்பர் வாஷரோ பெயின்ட் பூச்சோ வைப்பது இதற்காகத்தான். தகட்டில் துளைகள் இருப்பது சேறு வடியவும், வெப்பக் காற்று வெளியேறவும், ஆயில் மாற்றும்போது தகட்டைக் கழற்றாமலே சம்ப் போல்ட்டைத் திறக்கவும். துளை சம்ப் போல்ட்டுக்கு நேர் கீழே இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஓரிரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் பழைய ஆயில் தகட்டுக்குள் கொட்டிப் பல நாள் சொட்டிக்கொண்டிருக்கும்.

சேற்றைவிடப் பெரிய அபாயம் புல். தேன்கனிக்கோட்டையைச் சுற்றியுள்ள காடு பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை வரும் வரை இடுப்பளவுப் புல் காய்ந்து நிற்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, இவ்வகை டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்தவுடன், சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது உள்ளே வெப்பம் 600 பாகை செல்சியசை எட்டுகிறது. தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் வைக்கோல் திணித்ததுபோல் புல் அடைந்திருந்தால், தீ பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்பினிஃபெக்ஸ் புல்வெளிகளில் வண்டிகள் இப்படி எரிந்துபோனது உண்டு. அங்கே நீண்ட பயணம் போகிறவர்கள் வழியில் நிறுத்தி நிறுத்தி அடியைக் குனிந்து பார்ப்பது வழக்கம். நம் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, வர வேண்டும். எரியப் போவது வண்டி மட்டுமல்ல, சுற்றியுள்ள காடும்தான். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர். பன்னேர்கட்டாவிலிருந்து வரும் யானைக் கூட்டங்களின் வழித்தடம் இது. புகைக்குழாய் ஓடும் பகுதியை மூடாமல் விட்டுவிடுவது, அல்லது அகலமான துளைகளோடு மூடுவது, இந்த வட்டாரத்துக்குத் தகடு வாங்குகிறவர் கண்டிப்பாகக் கேட்க வேண்டிய அம்சம்.

காட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தகடு பூட்டிய தைரியத்தில் சரணாலயத்துக்குள் வண்டியை விடுவது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. பொதுச்சாலைகளும் ஊர்த் தடங்களும் தாராளமாக இருக்கின்றன. அவற்றிலேயே போதுமான கல் கிடக்கிறது. வண்டியை மாற்றியமைப்பதற்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனியின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. முன்பக்கம் மாட்டும் புல் பார் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதனால் சேஸிஸை வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட் போட்டு மாட்டக்கூடிய, வேண்டும்போது கழற்றிவிடக்கூடிய தகடே புத்திசாலித்தனமான தேர்வு. வெல்டிங் சூடு சேஸிஸ் சட்டத்தின் வலிமையைக் குறைக்கும் என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணம்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. மின்சாரக் கார்களில் அடிப்பகுதி முழுதுமே பேட்டரி என்பதால், அடித்தகடு இனி கல்தடத்தில் ஓடுகிறவர்களின் விஷயம் மட்டுமல்ல. சீனா 2025-ல் வெளியிட்ட பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலையில், கீழிருந்து 150 ஜூல் ஆற்றலோடு அடித்துப் பார்க்கும் சோதனை சேர்க்கப்பட்டிருக்கிறது. வண்டியின் மொத்த இயக்க ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். சாலையிலிருந்து தெறிக்கும் கல்லையும் சிறு உரசலையும் மனத்தில் வைத்த சோதனை இது. வேகமாக வந்து புதைகல்லில் ஏறுவதை எந்தத் தரநிலையும் தாங்கிக்கொடுக்காது.

ஆகத் தேன்கனிக்கோட்டையிலிருந்து வாரம் மூன்று நாள் ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பொலிரோ பிக்கப்புக்கு என்ன பூட்டலாம்? அந்த வண்டி சுமை ஏறும்போது பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் சற்று நிமிரும். அடி படுவது பெரும்பாலும் சம்ப்பிலும் கியர் பாக்ஸ் முன்பகுதியிலும்தான். முழு வயிற்றையும் மூடி 40 கிலோ கூட்டினால் ஒவ்வொரு நடையிலும் இரண்டு கூடைத் தக்காளி குறையும். 10 கேஜ் இரும்பில், முன்னால் 15 பாகைக்கு மிகாத சாய்வோடு, ஓரம் மடக்கி, பதிந்த போல்ட்டுகளால் இரு சேஸிஸ் சட்டங்களிலும் பிடித்த ஒரே தகடு போதும். துத்தநாகப் பூச்சு கொடுத்துவிட்டால் துரு தள்ளிப்போகும். ஆண்டுக்குச் சில முறை மட்டும் கரடுமுரடு பார்க்கும் ஜிம்னிக்கு 5052 அலுமினியம் 6 மில்லிமீட்டரில், என்ஜினுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும். வாரந்தோறும் கல்மேல் ஏறும் தாருக்கு 4 மில்லிமீட்டர் இரும்பு, டீசல் என்றால் வடிகட்டியின் கீழே திறப்போடு. எதுவானாலும் பூட்டிய பின் முதல் கரடுமுரடுப் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்க வேண்டும். புதுப் பெயின்ட் பூச்சு அழுந்தி இடம் கொடுப்பதால், முதல் சில நூறு கிலோமீட்டரில் போல்ட்டுகள் தளர்வது சகஜம்.